வால்நட்டுக்குள் ஓர் அயலான்

மளிகைக் கடையில் முன்பெல்லாம் அக்ரூட் என்று கேட்டு வாங்கிய பருப்பை இப்போது வால்நட் என்றே கேட்கிறோம். பாக்கெட்டிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ‘நட்’ என்றால் கொட்டை, அதில் சிக்கல் இல்லை. அந்த ‘வால்’ எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் சுவருக்கும் வால் என்றுதான் பெயர், அதனால் சுவரோரம் வளரும் மரமோ என்று நினைக்கத் தோன்றும். சுவருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பழைய ஆங்கிலத்தில் வேற்றுமொழி பேசும் அயலானைக் குறித்த ஒரு சொல் அது. வால்நட் என்றால் அயலார் நாட்டுக் கொட்டை. இங்கிலாந்தின் காடுகளில் தானாக விளைந்தது ஹேசல் கொட்டை. கடலுக்கு அப்பால் பிரான்ஸ், இத்தாலிப் பக்கமிருந்து வந்த பெரிய கொட்டைக்கு இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒரு கொட்டையின் பெயரோடு இது முடிந்திருந்தால் எழுத வேண்டிய தேவை இருந்திருக்காது. பிரிட்டனின் மேற்கே இருக்கும் வேல்ஸ், அதற்குத் தெற்கே கார்ன்வால், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வல்லோனியா, ருமேனியாவின் தெற்குப் பகுதியான வலாக்கியா, போலந்துக்காரர்களும் ஹங்கேரிக்காரர்களும் இத்தாலிக்கு வைத்திருக்கும் பெயர்கள் என எல்லாவற்றுக்கும் இதே சொல்தான் வேர். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை அது சிதறிக் கிடக்கிறது. இத்தனை மக்களைக் குறிக்கும் இந்தச் சொல், அவர்களில் யாருடைய வாயிலும் பிறந்தது இல்லை. எல்லாமே பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்ட பெயர்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய ஜெர்மானியர்கள். அவர்களுக்குத் தெற்கே, இன்றைய ஜெர்மனியின் நடுப்பகுதிக் காடுகளை ஒட்டி, கெல்ட் இனத்தைச் சேர்ந்த வோல்காய் என்ற குடி வாழ்ந்தது. ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர், பழைய பிரான்ஸான ‘கால்’ என்ற நாட்டில் நடத்திய போர்களைப் பற்றிய தன் குறிப்புகளில் இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹெர்சீனியக் காட்டைச் சுற்றியுள்ள வளமான நிலங்களில் குடியேறி இன்றும் அங்கேயே இருக்கிறார்கள், நீதியிலும் போர்த்திறத்திலும் அவர்களுக்குப் பெரிய பெயர் உண்டு என்கிறார். இதே குடியின் இன்னொரு கிளை தெற்குப் பிரான்ஸில் துலூஸ் நகரம் இருக்கும் பகுதியில் இருந்தது. ஜெர்மானியர்களுக்கு முதலில் தெரிந்த கெல்ட் மக்கள் வோல்காய்கள் என்பதால், அந்த ஒரு குடியின் பெயரே எல்லாக் கெல்ட் மக்களுக்கும் பெயராகிவிட்டது.

இப்படி நடப்பது புதிதல்ல. ஐயோனியா என்பது கிரேக்கர்கள் வாழ்ந்த ஒரு கடற்கரைப் பகுதி மட்டும்தான். அதிலிருந்து வந்த ‘யவனர்’ என்ற பெயரை நம் சங்கப் பாட்டுகள் கடல் கடந்து வந்த மேற்குலகத்தார் அனைவருக்கும் வைத்தன. பிரெஞ்சுக்காரர்கள் ஜெர்மானியர் எல்லோரையும் அலமானி என்ற ஒரு குடியின் பெயராலும், பின்லாந்துக்காரர்கள் சாக்சன் என்ற இன்னொரு குடியின் பெயராலும் அழைக்கிறார்கள். முதலில் கண்ணில் பட்டவர் பெயர் மொத்தக் கூட்டத்துக்கும் ஒட்டிக்கொள்கிறது.

சரி, வோல்காய் எப்படி வால் ஆனது? இதற்கு மொழியியலாளர்கள் சொல்லும் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. லத்தீனில் கொம்புக்குக் கோர்னு, ஆங்கிலத்தில் ஹார்ன். லத்தீனில் நூறு கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். மற்ற மொழிகளில் ‘க’ இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’ வரும். 1822இல் ஜேக்கப் கிரிம் இதை ஒழுங்கான விதியாக வகுத்துக் காட்டினார்; நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் அவர். அதோடு, ‘ஒ’ இருக்கும் இடத்தில் ‘அ’ வரும்: லத்தீனில் எட்டு ஒக்டோ, ஜெர்மனில் அஹ்ட். இப்போது வோல்க் என்ற அடியை எடுத்து இரண்டு மாற்றத்தையும் செய்து பாருங்கள். வல்ஹ் என்று வரும். பழைய ஜெர்மானிய வடிவம் ‘வல்ஹஸ்’ என்று அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்த ஒலி மாற்றம் நடந்து முடிவதற்கு முன்பே இந்தச் சொல் அவர்கள் வாய்க்குள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் மாறியிருக்காது. அதாவது கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இரண்டு மக்களும் எல்லைப் பக்கத்தில் பேசிப் பழகியிருக்கிறார்கள். அதற்கு எழுத்துச் சான்று தேட வேண்டியதில்லை, அந்த ‘ஹ’ ஒன்றே போதும்.

அப்புறம் ரோமானியர்கள் வந்தார்கள். கால் நாடு முழுதும் ரோமின் கையில் போனது. சில நூற்றாண்டுகளில் அங்கிருந்த கெல்ட் மக்கள் தங்கள் மொழியை விட்டு லத்தீன் பேசத் தொடங்கினார்கள். ஜெர்மானியர்களோ பெயரை மாற்றவில்லை. நேற்று வரை கெல்ட் மொழி பேசியவன் வல்ஹ். இன்று அதே வீட்டில் இருந்துகொண்டு லத்தீன் பேசுபவனும் வல்ஹ். கெல்ட் என்ற பொருள் நழுவி, லத்தீன் பேசுபவன், ரோமானியன் என்ற பொருள் ஏறியது. எப்போதும் மாறாமல் இருந்தது ஒன்றுதான்: நமக்குத் தெற்கிலும் மேற்கிலும், நமக்குப் புரியாத மொழி பேசுபவன். சங்கப் பாட்டுகளில் ‘மொழிபெயர் தேயம்’ என்று வருமே, மொழி மாறும் நாடு என்று, அந்தத் தேயத்தின் ஆள் வல்ஹ்.

ஆகவே இந்தச் சொல் எங்கெல்லாம் ஊர்ப்பெயராகப் படிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு காலத்தில் ஒரு மொழி எல்லை ஓடியிருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். சுவிட்சர்லாந்தில் வாலன்சே என்று ஓர் ஏரி இருக்கிறது. ஜெர்மன் பேசும் அலமானியர்கள் ஆல்ப்ஸ் மலைக்குள் நகர்ந்து வந்தபோது அந்த ஏரிப் பக்கம்தான் லத்தீன் வழி வந்த ரொமான்ஷ் பேசும் மக்கள் நீண்ட நாள் தங்கியிருந்தார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பக்கம் ஸ்ட்ராஸ்வால்ஹன், சேவால்ஹன் போன்ற ஊர்கள். இன்றைக்கு அங்கே லத்தீன் வாடையே இல்லை, பெயர் மட்டும் நிற்கிறது. இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். ஒலி ஒத்துப்போவதால் எல்லாம் ஒன்றாகிவிடாது. சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மாநிலத்துக்குப் பெயர் தந்தது பள்ளத்தாக்கைக் குறிக்கும் லத்தீன் சொல், வல்ஹ் அல்ல.

பிரிட்டனில் நடந்ததுதான் மனதை அதிகம் உறுத்துவது. ஐந்தாம் நூற்றாண்டில் ரோமப் படைகள் போன பிறகு, ஜெர்மானியக் குடிகளான ஆங்கிலரும் சாக்சன்களும் கடல் தாண்டி அந்தத் தீவுக்கு வந்தார்கள். அங்கே பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்துவந்த, கெல்ட் மொழி பேசிய பிரித்தானியர்களைப் பார்த்து, கையோடு கொண்டுவந்த பழைய சொல்லைச் சொன்னார்கள்: ‘வெயல்ஹ்’. பன்மையில் ‘வெயலஸ்’. வந்தவர்கள் இருந்தவர்களை அயலார் என்றார்கள்! அந்தப் பன்மைதான் தேய்ந்து வேல்ஸ் ஆனது. ஆக, வேல்ஸ் என்பது அடிப்படையில் நாட்டின் பெயரே இல்லை, ‘அயலார்கள்’ என்ற பன்மைச் சொல். தென்மேற்கு முனையில் கோர்னோவி என்ற குடியின் பெயரோடு வெயலஸ் சேர்ந்து கார்ன்வால் ஆனது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வாலஸி என்ற ஊரின் பெயருக்கு அயலார் தீவு என்று பொருள். இங்கிலாந்தில் வால்டன் என்று பல ஊர்கள் உண்டு. அவற்றில் சில இந்தச் சொல்லிலிருந்து வந்தவை, சில காட்டையோ சுவரையோ குறிக்கும் சொற்களிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றின் பழைய எழுத்து வடிவத்தையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

அந்த அயலாருக்குச் சட்டத்தில் என்ன இடம் என்பதும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தெற்கு இங்கிலாந்தில் சாக்சன்கள் ஆண்ட வெசெக்ஸ் நாட்டு மன்னர் ஈனெ, கி.பி. 690 வாக்கில் ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டார். ஒருவரைக் கொன்றால் அவர் உறவினருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற உயிர்விலை அதில் வருகிறது. சாதாரண ஆங்கிலக் குடியானவன் உயிர்விலை 200 ஷில்லிங். வரி செலுத்தும் வெயல்ஹ் ஒருவனுக்கு 120. அவன் மகனுக்கு 100. அடிமைக்கு 60, சில இடங்களில் 50. அதே சட்டத்தில், ஐந்து ஹைடு நிலம், அதாவது ஐந்து குடும்பம் பிழைக்கக்கூடிய அளவு நிலம் வைத்திருக்கும் வெயல்ஹுக்கு 600 ஷில்லிங் என்றும் இருக்கிறது. எனவே வசதியாக வாழ்ந்த பிரித்தானியர்களும் அந்த நாட்டில் இருந்தார்கள், ஒட்டுமொத்தமாக எல்லோரையும் விரட்டிவிட்டார்கள் என்ற பழைய கதை சரியில்லை. ஏழாம் நூற்றாண்டில் வெசெக்ஸை ஆண்ட ஒரு மன்னரின் பெயரே கென்வெயல்ஹ். வெறும் வசைச்சொல்லாக இருந்திருந்தால் அரச குடும்பத்துப் பிள்ளைக்கு அதைப் பெயராக வைத்திருப்பார்களா?

ஆனாலும் காலம் போகப் போகச் சொல் கீழே இறங்கியது. பிற்கால வெசெக்ஸ் எழுத்துகளில் வெயல்ஹ் என்றால் அடிமை என்றே பொருள் வருகிறது. பிடிபட்டவர்களில் பிரித்தானியர்கள் அதிகம் இருந்ததால் இனப்பெயரே நிலையின் பெயராகியது. ஐரோப்பாவின் கிழக்கில் ஸ்லாவிய மக்களுக்கும் இதே கொடுமை நேர்ந்தது. இன்று ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் ஸ்லேவ் என்ற சொல் அவர்கள் இனப்பெயர்தான்.

ஜெர்மன் மொழியில் இந்தச் சொல் ‘வெல்ஷ்’ என்று வாழ்கிறது, பிரெஞ்சு, இத்தாலி போன்ற மொழிகளைப் பேசுபவர்களுக்கு. புதிதாக வெளியே இருந்து வந்த எதற்கும் இந்த அடைமொழியைப் போட்டார்கள். மக்காச்சோளம் வெல்ஷ் தானியம், வான்கோழி வெல்ஷ் சேவல். அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜெர்மனில் புரியாத பேச்சுக்கு ‘கவுடர்வெல்ஷ்’ என்பார்கள். சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்துப் பக்கம் பேசிய ரொமான்ஷ் மொழியிலிருந்து வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். திருடர்களும் நாடோடிகளும் தங்களுக்குள் பேசிய மறைமொழி ‘ரோட்வெல்ஷ்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மீது பகை வளர்ந்தபோது ஜெர்மன் தேசியவாதிகள் வெல்ஷ் என்பதைக் காறித் துப்புவதற்கான சொல்லாக்கினார்கள். இதனால் ஜெர்மனியில் அந்தச் சொல் கறைபட்டுப் போனது. சுவிட்சர்லாந்திலோ ஜெர்மன் பேசுபவர்கள் பிரெஞ்சு பேசும் சக குடிமக்களை இன்றும் வெல்ஷ் என்று இயல்பாகச் சொல்கிறார்கள். பள்ளி முடித்த பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, பிரெஞ்சு கற்றுக்கொள்ள ஓராண்டு அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தங்கி வேலை செய்ய அனுப்பும் வழக்கம் இருந்தது. அதற்கு ‘வெல்ஷ்லாந்து ஆண்டு’ என்று பெயர். ஒரே சொல், ஒரு நாட்டில் பகையின் சொல், பக்கத்து நாட்டில் மகளை நம்பி அனுப்பும் இடத்தின் பெயர்.

பிரான்ஸுக்குள்ளும் இது நுழைந்திருக்கிறது. பழைய பிரான்ஸை லத்தீனில் காலியா என்பார்கள், பிரெஞ்சில் கோல். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் லத்தீன் சொல் பிரெஞ்சின் ஒலி விதிப்படி மாறியிருந்தால் ‘ஜ’ ஒலியில் தொடங்கும் வேறு வடிவம் வந்திருக்கும். கோல் என்பது, படையெடுத்து வந்த ஃபிராங்க் என்ற ஜெர்மானியக் குடியின் மொழியில் இருந்த வல்ஹ் என்பதிலிருந்து வந்தது என்றே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். ஜெர்மானிய ‘வ’ பிரெஞ்சில் ‘க’ ஆகும்; வில்லியம் அங்கே கியோம் ஆவது போல. பிரிட்டனின் வேல்ஸ் பிரெஞ்சில் கால் ஆவதும் அப்படித்தான். ஆக, தம் முன்னோர் நாட்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் இன்று சொல்லும் பெயர், படையெடுத்து வந்தவர்கள் வைத்த பெயர்.

ஜெர்மானியர்களிடமிருந்து சொல்லை வாங்கியவர்கள் ஸ்லாவியர்கள். அவர்கள் வாயில் அது ‘வோல்ஹு’ ஆகி, பிறகு மொழிக்கு மொழி பிரிந்தது. தெற்கே விளாஹ், செக்கில் விளாக், போலிஷில் வுவோக், உக்ரைன், ரஷ்யப் பக்கம் வொலோஹ். இந்தப் பிரிவு தற்செயல் அல்ல. ஊரைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லும் இதே தடத்தில்தான் பிரிந்தது: பெல்கிராடில் கிராட், நோவ்கோரத்தில் கோரத். கிராட் சொல்பவர் விளாஹ் என்பார், கோரத் சொல்பவர் வொலோஹ் என்பார்.

போலந்தில் இத்தாலியின் பெயர் ‘வுவோகி’. பெரும்பாலான நாடுகள் இத்தாலி என்று சொல்லும் நாட்டை அவர்கள் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று அங்கே போகிறவர்கள் குழம்புவதுண்டு. போலந்துச் சந்தையில் சூப்புக்காக காரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர், லீக் தண்டு எல்லாம் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டி விற்பார்கள். அந்தக் கட்டுக்கு ‘வுவோஷ்சிஸ்னா’ என்று பெயர், ‘இத்தாலிச் சமாசாரம்’ என்று சொல்லலாம். 1518இல் போலந்து மன்னரை மணந்து மிலான் குடும்பத்திலிருந்து வந்த அரசி போனா ஸ்ஃபோர்ட்சா இந்தக் காய்களை அறிமுகப்படுத்தினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. செக் நாட்டின் குட்னா ஹோரா நகரில் 1300 முதல் பிராக் குரோஷன் என்ற வெள்ளி நாணயம் அடித்த நாணயச்சாலையின் பெயர் ‘விளாக் முற்றம்’. நாணயம் அடிக்கத் தெரிந்த வல்லுநர்களை மன்னர் இத்தாலியின் ஃபுளோரன்ஸிலிருந்து வரவழைத்திருந்தார். ஹங்கேரியர்கள் ஸ்லாவியர்களிடமிருந்து இந்தச் சொல்லை இரண்டு முறை வாங்கினார்கள் போலும்: ‘ஒலஸ்’ என்றால் இத்தாலியர், ‘ஒலாஹ்’ என்றால் ருமேனியர்.

வால்நட்டும் கூடவே பயணம் செய்தது. போலிஷில் அது இத்தாலிக் கொட்டை, செக்கில் விளாக் கொட்டை, உக்ரைனில் வொலோஹ் கொட்டை. ரஷ்யர்கள் மட்டும் வேறு திசையில் பார்த்துக் கிரேக்கக் கொட்டை என்றார்கள்.

பால்கன் பகுதியில் கதை இன்னும் நீளமானது. அங்கே ஸ்லாவியர்கள் வந்து சேர்ந்தபோது, மலைகளில் லத்தீன் வழி வந்த பேச்சோடு ஆட்டு மந்தை மேய்த்துக்கொண்டிருந்த மக்களை விளாஹ் என்று அழைத்தார்கள். கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் கிரேக்கர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். 976ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லும் பைசாந்திய வரலாற்றுக் குறிப்பில், பல்கேரிய ஆட்சியாளர் சாமுவேலின் சகோதரர் தாவீதை வழிப்போக்கர்களான விளாஹுகள் கொன்றார்கள் என்று வருகிறது. அங்கே இந்தச் சொல் படிப்படியாக மொழியைக் குறிப்பதை விட்டுத் தொழிலைக் குறிக்கத் தொடங்கியது. விளாஹ் என்றால் மேய்ப்பன். செக் நாட்டின் கிழக்கே வலாஷ்ஸ்கோ என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்குள்ளவர்கள் பேசுவது செக் மொழி, ஆனால் கார்பாத்திய மலை வழியாக வந்த மேய்ச்சல் வாழ்வினால் அந்தப் பெயர். கிரேக்கத்தில் நாகரிகம் தெரியாதவனை விளாஹோஸ் என்று திட்டுவார்கள். பொஸ்னியாவில் முஸ்லிம்கள் கிறிஸ்தவர்களை அப்படி அழைத்தார்கள், குரோஷியாவின் கடற்கரை நகரத்தார் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை அழைத்தார்கள். ‘நம்மவர் அல்ல’ என்ற ஒரு பொருளைத் தவிர மற்ற எல்லாம் உதிர்ந்துவிட்டது.

ருமேனியர்களை உலகம் வலாக்கியர் என்று அழைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் தங்களை என்ன சொல்லிக்கொண்டார்கள்? கிடைத்திருக்கும் மிகப் பழைய ருமேனிய மொழிக் கடிதம் 1521இல் கும்புலுங்க் ஊரைச் சேர்ந்த நியாக்சு என்பவர் பிரஷோவ் நகரத் தலைவருக்கு எழுதியது. துருக்கிப் படை நகர்வதைப் பற்றிய அவசர எச்சரிக்கை அது. அதில் தம் நாட்டை ‘ருமேனிய நாடு’ என்றே எழுதுகிறார். ரோமானியர் என்ற பழைய பெயரை அவர்கள் விடவே இல்லை. வலாக்கியாவும் பக்கத்து நாடான மால்டேவியாவும் 1859இல் இணைந்து, 1860களில் அந்த ஒன்றியம் அதிகாரபூர்வமாக ருமேனியா என்ற பெயரை ஏற்றது.

எல்லோரும் இப்படி அயலார் வைத்த பெயரை உதறவில்லை. பெல்ஜியத்தின் வல்லோன்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அவர்கள் கொடியில் சிவப்புச் சேவல் பறக்கிறது. லத்தீனில் சேவலுக்கும் கால் நாட்டாருக்கும் ஒரே ஒலி என்பதால் வந்த சின்னம். குடும்பப் பெயர்களாகவும் பலர் சுமக்கிறார்கள்: ஸ்காட்லாந்தின் வாலஸ், அயர்லாந்தின் வால்ஷ், ஹங்கேரியின் ஒலாஹ், செர்பியாவின் விளாஹோவிச்.

வேல்ஸ் மக்களுக்கு வருவோம். அவர்கள் மொழியில் அவர்கள் பெயர் ‘கம்ரி’. பழைய பிரித்தானிய மொழியில் ‘கொம்ப்ரோகி’ என்றிருந்தது. ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். ‘நம்ம ஊர்க்காரர்’ என்று நாம் சொல்லும்போது என்ன இதம் இருக்கிறதோ அதே இதம் அதில் இருக்கிறது. நாட்டின் பெயரும் கம்ரிதான். எழுத்தில் கடைசி எழுத்து மட்டும் மாறும், உச்சரிப்பு ஒன்றே. வடக்கு இங்கிலாந்தின் கம்பிரியா மாவட்டப் பெயரிலும் அது ஒட்டியிருக்கிறது, அங்கே அந்த மொழி பேச்சிலிருந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும்.

2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசத் தெரிந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 38 ஆயிரம் பேர், அந்த நாட்டில் மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 17.8 சதவீதம். எண்ணிக்கை குறைவுதான். ஆனாலும் பெயர்கள் திரும்பிவருகின்றன. 2022இல் ஸ்னோடோனியா தேசியப் பூங்காவின் நிர்வாகம் அந்தப் பகுதியை எரரி என்றும், நாட்டின் மிக உயரமான மலையை இர் வித்வா என்றும் வேல்ஸ் மொழிப் பெயர்களாலேயே அழைப்பது என்று முடிவெடுத்தது. 2023இல் பிரெக்கன் பீக்கன்ஸ் பூங்காவும் பன்னாய் பிரஹைனியோக் என்ற பழைய பெயருக்கு மாறியது.

இங்கிலாந்திலிருந்து மேற்கே காரில் போனால் எல்லையில் ஒரு வரவேற்புப் பலகை நிற்கும். மேல் வரியில் ‘க்ரொய்ஸோ இ கம்ரி’, நம் மண்ணாரின் நாட்டுக்கு நல்வரவு. அடுத்த வரி ஆங்கிலத்தில், வேல்ஸுக்கு நல்வரவு.